இன், ஆன், அட் முதல் ஐயோ வரை: ஆங்கில இடைச்சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் காலங்கள், வினைச்சொற்கள் எல்லாம் ஒருவழியாகப் பிடிபட்ட பிறகும் ஒரு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள்தான் அந்த இடம். அவற்றைப் பற்றி என்னிடம் படிக்க வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ப்ரெபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன்: மூன்றும் என்ன?

ப்ரெபொசிஷன் என்பது முன்னிடைச்சொல். ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று, அதற்கும் மற்ற சொற்களுக்கும் என்ன உறவு என்று காட்டும்: இன், ஆன், அட், டு, ஃப்ரம், வித், பை. கன்ஜங்ஷன் என்பது இணைப்புச்சொல். சொல்லோடு சொல்லையோ வாக்கியத்தோடு வாக்கியத்தையோ கட்டும்: அண்ட், பட், ஆர், பிகாஸ், ஆல்தோ. இன்டர்ஜெக்ஷன் என்பது வியப்பிடைச்சொல். வாக்கியத்தில் யாரோடும் ஒட்டாமல் உணர்ச்சியை மட்டும் கொட்டிவிட்டுப் போகும்: வாவ், அவுச், ஊப்ஸ்.

மூன்று பெயர்களும் லத்தீனிலிருந்து வந்தவை. முதலாவதற்கு 'முன்னால் வைத்தது', இரண்டாவதற்கு 'சேர்த்துக் கட்டியது', மூன்றாவதற்கு 'இடையே எறிந்தது' என்று பொருள். பெயரைப் புரிந்துகொண்டால் வேலையும் புரிந்துவிடும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பெயர், வினை, இடை, உரி என்று நாம் சொற்களை நான்காகப் பிரிக்கிறோம் அல்லவா? இந்த மூன்றும் செய்யும் வேலையில் பெரும்பகுதியைத் தமிழில் இடைச்சொல் செய்கிறது. நன்னூல் இடைச்சொல்லை எட்டு வகையாகச் சொல்லும்போது வேற்றுமை உருபுகளையும் அதற்குள்ளேயே சேர்க்கிறது. ஆகவே இது நமக்கு முற்றிலும் புதிய ஊர் இல்லை, தெருக்கள்தான் வேறு மாதிரி போகும்.

அப்படியென்றால் ப்ரெபொசிஷனும் நம்முடைய வேற்றுமை உருபும் ஒன்றுதானே?

வேலை ஏறக்குறைய ஒன்று. இடம்தான் நேர் எதிர். நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுவோம்: பெட்டியில், நண்பனோடு, ஊரிலிருந்து. ஆங்கிலம் பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக வைக்கும்: 'இன் த பாக்ஸ்', 'வித் எ ஃப்ரெண்ட்', 'ஃப்ரம் த வில்லேஜ்'. இது இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

உண்மையான சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. விளியையும் சேர்த்து நமக்கு எட்டு வேற்றுமை. சொல்லுருபுகளை எல்லாம் கூட்டினாலும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் ப்ரெபொசிஷன்கள் நூற்றுக்கு மேல். அதனால் நம்முடைய ஒரு உருபு அங்கே மூன்று நான்காகப் பிரிந்துவிடுகிறது. 'பெட்டியில் இருக்கிறது', 'மேசையில் இருக்கிறது', 'வாசலில் இருக்கிறார்' என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றிலும் அதே 'இல்'. ஆங்கிலத்தில் முதலாவது இன், இரண்டாவது ஆன், மூன்றாவது அட். 'இன் என்றால் இல்' என்று மனப்பாடம் செய்தவர் மூன்றுக்கும் இன் போடுவார். அவர் மேல் குற்றமில்லை, கற்றுக்கொடுத்த விதத்தில்தான் குறை. ஒவ்வொரு ப்ரெபொசிஷனுக்கும் ஒரு தமிழ்ப் பொருள் எழுதி வைத்துப் படிப்பதை இன்றே நிறுத்துங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, இன், ஆன், அட் மூன்றையும் எப்படித்தான் பிரிப்பது?

கண்ணை மூடிப் படம் பாருங்கள். நான்கு பக்கமும் சுவரோ எல்லையோ சூழ்ந்திருந்தால் இன். பெட்டி, அறை, நகரம், நாடு எல்லாம் அப்படித்தான். ஒரு பரப்பின் மேல் ஒட்டியிருந்தால் ஆன். மேசை, சுவர், தரை, பக்கம். சுவரில் மாட்டிய படம் 'ஆன் த வால்', ஆனால் சுவருக்குள் ஓட்டை போட்டு ஒளித்து வைத்த சாவி 'இன் த வால்'. இரண்டையும் தமிழில் 'சுவரில்' என்றே சொல்லிவிடலாம். ஆங்கிலம் விடாது. வரைபடத்தில் ஊசி குத்திக் காட்டுகிற மாதிரி ஒரு புள்ளியாக நினைத்தால் அட். 'அட் த டோர்', 'அட் த பஸ் ஸ்டாப்'.

ஒரே இடம் கூட நாம் பார்க்கிற விதத்தில் மாறும். 'ஷி இஸ் இன் த ஸ்கூல்' என்றால் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறாள். 'ஷி இஸ் அட் ஸ்கூல்' என்றால் படிக்கப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். கட்டடம் அங்கே முக்கியமில்லை.

நேரத்துக்கும் இதே மூன்று சொற்கள்தான். பெரிய காலத்துக்கு இன்: மாதம், ஆண்டு, பருவம். ஒரு நாளுக்கு ஆன்: 'ஆன் மண்டே'. கடிகார முள் காட்டும் புள்ளிக்கு அட்: 'அட் ஃபைவ் ஓ கிளாக்'. 'இன் த மார்னிங்' சரி, ஆனால் எந்த நாள் என்று சொல்லிவிட்டால் 'ஆன் மண்டே மார்னிங்'. இரவு மட்டும் 'அட் நைட்'. ஏன் என்று கேட்டால் மரபு என்பதைத் தவிர வேறு பதில் இல்லை, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி ஆகிய நான்கும் முன்னால் வந்தால் ப்ரெபொசிஷனே வேண்டாம். 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' தவறு, 'நெக்ஸ்ட் மண்டே' போதும்.

காருக்கு 'இன்', பஸ்ஸுக்கு 'ஆன்' என்கிறார்களே, இரண்டும் வண்டிதானே?

எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் ஆன்: பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து உள்ளே நுழைந்து உட்கார மட்டும் முடிகிறது என்றால் இன்: கார், டாக்ஸி. சைக்கிளுக்கும் குதிரைக்கும் ஆன், ஏனென்றால் அவற்றின் மேலேதான் உட்காருகிறோம்.

'டிஸ்கஸ் அபவுட்' தவறு என்று திருத்துகிறார்கள். ஏன்?

தமிழில் 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்போம். அந்தப் 'பற்றி' அபவுட்டாக மாறி உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் டிஸ்கஸ் என்ற வினைக்குள்ளேயே 'பற்றி' அடக்கம். 'வீ டிஸ்கஸ்ட் த ப்ராப்ளம்' என்றால் முடிந்தது. 'டிஸ்கஷன்' என்ற பெயராக மாறினால் மட்டும் அபவுட் வரும்: 'எ டிஸ்கஷன் அபவுட் த ப்ராப்ளம்'.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. ஒரு இடத்தை அடைவதற்கு 'ரீச்' போதும், 'ரீச் டு' வேண்டாம். அறைக்குள் நுழைவதற்கு 'என்டர் த ரூம்', இன்டு தேவையில்லை. ஒருவரை மணப்பதற்கு 'மேரி ஹிம்', ஆனால் மணமாகியிருப்பதைச் சொல்ல 'மேரீட் டு ஹிம்'. வித் அங்கே வராது. 'எம்ஃபசைஸ்' என்ற வினைக்குப் பின்னால் ஆன் வராது, 'எம்ஃபசிஸ்' என்ற பெயருக்குப் பின்னால் வரும்.

மறுபக்கம், நாம் விட்டுவிடுகிறவையும் உண்டு. 'லிசன் மீ' என்று சொன்னால் தவறு, 'லிசன் டு மீ' என்றால்தான் சரி. 'நான் சொல்வதைக் கேள்' என்று நமக்கு இரண்டாம் வேற்றுமை போதும் என்பதால் அந்த டு காணாமல் போகிறது.

'பை ஃப்ரைடே', 'அன்டில் ஃப்ரைடே' இரண்டும் 'வெள்ளிக்கிழமை வரை' தானே?

இல்லை. இதில் நானே நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். முதல் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன் என்று சொல்வதற்காக 'ஐ வில் செண்ட் இட் அன்டில் ஃப்ரைடே' என்று மெயில் போட்டேன். படித்தவர் குழம்பி, 'வெள்ளிக்கிழமை வரை தினமும் அனுப்பிக்கொண்டே இருப்பீர்களா?' என்று திருப்பிக் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நான் எழுதியதற்கு அதுதான் பொருள்.

தமிழ் இதில் ஆங்கிலம் அளவுக்கே துல்லியமானது. '-க்குள்' என்றால் பை, 'வரை' என்றால் அன்டில். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவேன்: பை. ஒரு கெடு இருக்கிறது, அதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் ஒருமுறை நடக்கும். வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பேன்: அன்டில். அதுவரைக்கும் அந்தச் செயல் நீண்டுகொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும் முன் தமிழில் '-க்குள்' வருமா, 'வரை' வருமா என்று ஒரு நொடி சொல்லிப் பாருங்கள். தாய்மொழி நமக்குக் கைகொடுக்கும் அபூர்வமான இடம் இது.

சின்ஸ், ஃபார்: எது எப்போது?

தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ், மொத்த நீளத்தைச் சொன்னால் ஃபார். '2019இலிருந்து' என்பதற்கு சின்ஸ், 'மூன்று ஆண்டுகளாக' என்பதற்கு ஃபார். கூடவே வினையையும் கவனியுங்கள். 'ஐ அம் ஹியர் சின்ஸ் மண்டே' தவறு, 'ஐ ஹாவ் பீன் ஹியர் சின்ஸ் மண்டே' சரி. தமிழில் 'திங்கள் முதல் இங்கே இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்வதால் இந்தத் தவறு வருகிறது.

'லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று மெயிலில் எழுதலாமா?

'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்றுதான் எழுத வேண்டும். டு இரண்டு வேலை செய்யும். 'ஐ வான்ட் டு கோ' என்பதில் அது வினையோடு ஒட்டிய குறி. இங்கேயோ அது ப்ரெபொசிஷன், அதன் பின்னால் பெயர் வர வேண்டும், அதனால் மீட் என்பது மீட்டிங் ஆகிறது. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடே' பொருந்துகிறது, ஆகவே ப்ரெபொசிஷன். 'வான்ட் டு த ஹாலிடே' பொருந்தாது.

வாக்கியம் ப்ரெபொசிஷனில் முடியக்கூடாது என்று ஒரு விதி உண்டாமே?

'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?' என்று தாராளமாகக் கேளுங்கள். இந்த விதிக்கு ஒரு வரலாறு உண்டு. 1672இல் ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர், தனக்கு முந்தைய பென் ஜான்சனின் வரிகளில் ப்ரெபொசிஷன் கடைசியில் வருவதைக் குறையாகச் சொன்னார். லத்தீனில் அப்படி வராது என்பதால் ஆங்கிலத்திலும் வரக்கூடாது என்று பிறகு வந்த பலர் பிடித்துக்கொண்டார்கள். 1762இல் ராபர்ட் லோத் எழுதிய இலக்கண நூல், இது ஆங்கிலத்துக்கே உரிய பழக்கம் என்று ஒப்புக்கொண்டாலும், கம்பீரமான நடைக்கு ப்ரெபொசிஷன் முன்னால் வருவதே நல்லது என்றது. 1926இல் ஆங்கிலச் சொல்வழக்கு பற்றி நூல் எழுதிய ஃபௌலர் இதை ஒரு மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். மிக முறையான கடிதத்தில் மட்டும் 'டு ஹூம்' என்று முன்னால் கொண்டுவந்தால் போதும். பேச்சில் அப்படிச் சொன்னால் விறைப்பாக இருக்கும்.

இவ்வளவையும் எப்படி நினைவில் வைப்பது?

தனிச்சொல்லாக எதையும் எழுதாதீர்கள். 'இன்டரெஸ்டட்' என்று நோட்டில் எழுதாமல் 'இன்டரெஸ்டட் இன்' என்று எழுதுங்கள். குட் அட், அஃப்ரெய்ட் ஆஃப், டிபெண்ட் ஆன், டிஃப்ரென்ட் ஃப்ரம், சிமிலர் டு, ரெஸ்பான்சிபிள் ஃபார். இவை ஒவ்வொன்றும் உங்களுக்கு ஒரே சொல் மாதிரி காதில் ஒட்ட வேண்டும். பிறகு அதை வைத்து உங்கள் வாழ்க்கையில் உண்மையாக உள்ள ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள். கணக்கில் கெட்டிக்காரர் என்றால் 'ஐ அம் குட் அட் மேத்ஸ்'. பாம்புக்குப் பயம் என்றால் 'ஐ அம் அஃப்ரெய்ட் ஆஃப் ஸ்னேக்ஸ்'. ஒரு நாளைக்கு மூன்று போதும். கற்போருக்கான அகராதிகளில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்த்தால் எந்தச் சொல்லோடு எது வரும் என்று தெரியும். பொருளை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள்.

கன்ஜங்ஷனில் எத்தனை வகை?

முக்கியமாக இரண்டு. சமமானவற்றை இணைப்பவை ஏழு: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. ஆங்கில எழுத்துகளில் இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபேன்பாய்ஸ்' என்று நினைவில் வைப்பார்கள். இன்னொரு வகை, ஒரு வாக்கியத்தை இன்னொன்றின் கீழ் வைப்பவை: பிகாஸ், ஆல்தோ, இஃப், வென், அன்லெஸ், வைல். 'ஐதர்... ஆர்', 'நைதர்... நார்' என்று ஜோடியாக வருபவையும் உண்டு. அந்த ஜோடிகளில் வினை, அதற்குப் பக்கத்தில் உள்ள எழுவாயைப் பார்த்து அமையும்.

'ஆல்தோ' போட்டுவிட்டுப் 'பட்'டும் போடுவது ஏன் தவறு?

'ஆல்தோ இட் ரெயின்ட், பட் வீ வென்ட்' என்று எழுதாத மாணவரை நான் பார்த்ததே இல்லை. இதற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை, நம் காது. தமிழில் 'மழை பெய்தாலும் போனோம்' என்கிறோம். இணைப்பு எங்கே இருக்கிறது? இரண்டு பகுதிகளுக்கும் நடுவில், 'ஆலும்' என்ற இடத்தில். 'மழை பெய்ததால் போகவில்லை' என்பதிலும் 'ஆல்' நடுவில்தான். ஆங்கிலத்தில் ஆல்தோவும் பிகாஸும் வாக்கியத்தின் தலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. நடுவில் வெறும் காற்புள்ளி மட்டும். நம் காதுக்கு அங்கே முடிச்சுப் போடாமல் விட்ட மாதிரி இருக்கிறது. உடனே ஒரு பட்டோ ஸோவோ எடுத்துக் கட்டிவிடுகிறோம்.

ஒரு முடிச்சு போதும். 'ஆல்தோ இட் ரெயின்ட், வீ வென்ட்.' அல்லது 'இட் ரெயின்ட், பட் வீ வென்ட்.' பிகாஸ் போட்டால் ஸோ வேண்டாம், ஸோ போட்டால் பிகாஸ் வேண்டாம். தொடக்கத்தில் கஷ்டமாக இருந்தால் ஆல்தோ பகுதியைப் பின்னால் தள்ளுங்கள்: 'வீ வென்ட் ஆல்தோ இட் ரெயின்ட்.' இணைப்பு நடுவில் வந்துவிடுவதால் பட் போடத் தோன்றாது.

'பிகாஸ்', 'பிகாஸ் ஆஃப்' என்ன வித்தியாசம்?

பின்னால் வருவது எழுவாயும் வினையும் உள்ள வாக்கியமா, வெறும் பெயரா என்று பாருங்கள். 'பிகாஸ் இட் ரெயின்ட்', ஆனால் 'பிகாஸ் ஆஃப் த ரெயின்'. அதே போல 'ஆல்தோ இட் ரெயின்ட்', ஆனால் 'டிஸ்பைட் த ரெயின்'. டிஸ்பைட்டுக்குப் பின் ஆஃப் வராது. 'இன் ஸ்பைட்' என்றால்தான் ஆஃப் வரும்.

இதே சோதனைதான் ஒரு சொல் எந்த வகை என்பதையும் காட்டிக்கொடுக்கும். 'ஆஃப்டர் லஞ்ச்' என்பதில் ஆஃப்டர் ப்ரெபொசிஷன். 'ஆஃப்டர் வீ ஏட்' என்பதில் அதே ஆஃப்டர் கன்ஜங்ஷன். பிஃபோர், சின்ஸ், அன்டில் எல்லாம் இப்படி இரண்டு சட்டை போடும். 'எவ்ரிவன் பட் ஹிம்' என்பதில் பட்கூட ப்ரெபொசிஷன்தான், 'அவனைத் தவிர' என்று பொருள்.

'அன்லெஸ்' எப்போதும் குழப்புகிறது.

'அன்லெஸ்' என்றால் '-ஆவிட்டால்'. எதிர்மறை அதற்குள்ளேயே இருக்கிறது. 'நீங்கள் இப்போது கிளம்பாவிட்டால் ரயிலைத் தவறவிடுவீர்கள்' என்பது 'அன்லெஸ் யூ லீவ் நவ், யூ வில் மிஸ் த ட்ரெயின்'. 'அன்லெஸ் யூ டோன்ட் லீவ்' என்று எழுதினால் இரண்டு எதிர்மறை சேர்ந்து பொருள் தலைகீழாகிவிடும்.

பட்டியலில் அண்டை எத்தனை தடவை போடுவது?

ஒரே தடவை, கடைசிப் பொருளுக்கு முன். தமிழில் 'பேனாவும் பென்சிலும் நோட்டும்' என்று ஒவ்வொன்றுக்கும் 'உம்' கொடுக்கிறோம். அந்தப் பழக்கம் 'பென் அண்ட் பென்சில் அண்ட் நோட்புக்' என்று வந்துவிடுகிறது. எதிர்ப்பக்கமாகவும் இது நடக்கிறது. அண்டைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் எங்கும் 'மற்றும்' போடுகிறோம். பழைய தமிழில் மற்றும் என்றால் 'மேலும்', 'மீண்டும்'. 'அம்மாவும் அப்பாவும்' என்று அழகாகச் சொல்லக்கூடியதை 'அம்மா மற்றும் அப்பா' என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. ஆங்கிலம் படிக்கும்போது தமிழையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

'ஹவெவர்' கன்ஜங்ஷனா?

'ஆனால்' என்ற பொருளில் வரும்போது இல்லை, அது வினையடை. இரண்டு வாக்கியங்களைக் காற்புள்ளியும் ஹவெவரும் மட்டும் போட்டு ஒட்டக்கூடாது. முதல் வாக்கியத்தை முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வைத்து முடித்துவிட்டு ஹவெவர் என்று தொடங்குங்கள், அதன் பின் காற்புள்ளி.

அண்ட், பட் என்று வாக்கியத்தைத் தொடங்கலாமா?

தொடங்கலாம். பள்ளியில் தடுப்பது, குழந்தைகள் ஒவ்வொரு வரியையும் அப்படித் தொடங்காமல் இருப்பதற்காக.

இன்டர்ஜெக்ஷனில் படிக்க என்ன இருக்கிறது?

அவை தானாக வாயில் வரும் என்று பலரும் இந்தப் பாடத்தைத் தாண்டிவிடுகிறார்கள். தானாக வருவது நம் மொழியில்தான். ஐயோ என்ற ஒரு சொல்லையே வலி, பயம், இரக்கம், வியப்பு எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் உடம்பில் பட்ட வலிக்கு அவுச். கைதவறிச் சிறு பிழை செய்தால் ஊப்ஸ். கெட்ட செய்தி கேட்டால் 'ஓ நோ'. ஒருவர் தனக்கு நேர்ந்த இழப்பைச் சொல்லும்போது ஊப்ஸ் என்று சொல்லிவிட்டால் அவர் மனம் புண்படும்.

நம்முடைய 'அப்பாடா'வுக்கு ஃப்யூ கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். 'ஆகா'வில் கவனம் தேவை. நாம் ஆகா என்பது ரசித்து. ஆங்கிலத்தின் ஆஹா, ஒன்றைக் கண்டுபிடித்தபோதோ திடீரென்று புரிந்தபோதோ வருவது. ரசித்ததற்கு வாவ் சொல்லுங்கள். 'அலாஸ்' பழைய புத்தகங்களில் கிடைக்கும், பேச்சில் சொன்னால் நாடக வசனம் போல ஒலிக்கும்.

எழுதும்போது உணர்ச்சி பலமாக இருந்தால் வியப்புக்குறி, மென்மையாக இருந்தால் காற்புள்ளி: 'அவுச்! தட் ஹர்ட்.' ஆனால் 'ஓ, ஐ சீ.' விண்ணப்பம், அறிக்கை, கட்டுரை இவற்றில் வேண்டவே வேண்டாம்.

ஆங்கிலத்தில் பேசும்போது 'ஐயோ' என்று வாயில் வந்துவிடுகிறது. தவறா?

தவறே இல்லை. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 'ஐயோ'வைச் சேர்த்துக்கொண்டது. அதைத் தெரியாதவரிடம் பேசும்போது மட்டும் 'ஓ நோ' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.